கட்டத்தை நிரப்பிய படங்கள்

அந்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் மேசைக்கடியில் வைத்த லோடுமேனிடம், "ஏங்க, இந்தக் கட்டடத்துல வேற இடமே இல்லையா?" என்று கேட்டேன். "மேனேஜர்தான் இங்க வைக்கச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே போய்விட்டார். பெட்டியின் அடிப்பக்கம் ஊறிப்போயிருந்தது. உள்ளே ஏழு கேஸ்கெட்டுகள், அதாவது மூடி கசியாமல் இருக்க வைக்கும் ரப்பர் வளையங்கள். பால் டாங்கர் மூடிகளில் அரை நாள் உட்கார்ந்து, கசிந்து, வாடிக்கையாளர் பிடுங்கித் திருப்பி அனுப்பியவை. புளித்த பாலும் ரப்பரும் கலந்தால் என்ன நாற்றம் வரும் என்று தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கு அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்கு எதிலும் சட்டென்று அருவருப்பு வந்துவிடும். டீ கிளாஸின் விளிம்பில் யாருடைய உதட்டுக் கறையாவது இருந்தால் அந்த வாரம் முழுக்க எனக்கு டீ கிடையாது. கழிவறைக் குழாயைச் சரியாக மூடாதவர்கள், கீபோர்டின் மேல் பிஸ்கட் தின்பவர்கள், ஒரே பெயரை மூன்று விதமாக டைப் அடிப்பவர்கள், எல்லாரும் என் கண்ணுக்கு ஒரே கூட்டம்தான். அடுத்தவர் தப்பைத் தோண்டி எடுப்பதில் அந்த ஆபீஸில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதில் எனக்குக் கர்வமும் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மற்றவர்களைத் திட்டுவதைக் கேட்டுவிட்டு என்னை நல்லவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் கம்பெனியில் விற்பது ரப்பர் சாமான் மட்டும். கேஸ்கெட், ஹோஸ், புஷ், வாஷர் என்று நாலாயிரத்துச் சொச்சம். அத்தனையும் கறுப்பு. மாடியில் ஆபீஸ், கீழே ஸ்டோர். ஆர்டர் வந்தால் டேட்டாபேஸிலிருந்து ஒரு சீட்டு அச்சாகிக் கீழே போகும். அதில் அலமாரி எண், சாமானின் கோட், அளவு, பக்கத்தில் ஒரு படம். ஸ்டோரில் இருப்பவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து அதே மாதிரி சாமானை அலமாரியிலிருந்து எடுத்துப் பெட்டியில் போடுவார்கள்.

அந்த டேட்டாபேஸ் என் கைவேலை. நான் வருவதற்கு முன்பு படங்களையெல்லாம் அதற்குள்ளேயே திணித்து வைத்திருந்தார்கள். அது ஊதிப்போய், ஒரு ஃபார்ம் திறப்பதற்குள் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வரலாம். அப்படியும் வந்து நிற்கும் படம் புகை படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல இருக்கும். நான்தான் ஒவ்வொரு சாமானையும் வெள்ளைத் துணியில் வைத்துப் புதிதாகப் படம் எடுத்தேன், விளிம்பை ஒட்டி வெட்டினேன், வெளியே ஒரு ஃபோல்டரில் போட்டு, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் டேபிளில் எழுதினேன். தட்டினால் பளிச்சென்று வந்து நின்றது. ஒரு வருஷத்துக்கு ஒரு புகார் கிடையாது.

பிறகு மேனேஜர் ஒரு கண்காட்சிக்குப் போய்வந்தார்.

இந்த மேனேஜருக்கு எந்தத் தாளைத் தொடுவதற்கு முன்னாலும் ஆள்காட்டி விரல் நாக்குக்குப் போய்வர வேண்டும். ஒரு கட்டுச் சீட்டு அவர் கை மாறி வந்தால் ஒவ்வொன்றின் மூலையிலும் ஈரம் இருக்கும். அதை நான் பென்சிலால் தள்ளித்தான் எடுப்பேன். மனதுக்குள் அவருக்கு நான் வைத்திருந்த பேர் எச்சில்விரல். கண்காட்சியில் வேறு ஏதோ கம்பெனியின் கேட்லாக்கைப் பார்த்திருக்கிறார், அதைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

"பாத்தீங்களா? படம் இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் நிக்குது. நம்ம சீட்டும் இருக்கே, தபால் தலை ஒட்டினாப்ல."

"பெருசாக்கிடலாம் சார்."

"பெருசா மட்டும் போதாது, அகலமா வேணும். அந்த அளவு எல்லாத்தையும் தூக்கிடுங்க. படம் இருக்கும்போது அளவு எதுக்கு? கீழ இருக்கறவங்க என்ன இஞ்சினியரா, ஸ்கேல் வெச்சுப் பாக்கறதுக்கு?"

முன்பு ஒவ்வொரு சாமானிலும் கோட் எழுதிய சின்ன அட்டை ஒன்று கட்டியிருக்கும். ரப்பர் எண்ணெய் ஏறி அசிங்கமாகிறது என்று அதையும் இவர்தான் போன மாதம் கழற்றி எறியச் சொல்லியிருந்தார். இப்போது அளவும் போயிற்று. மிச்சம் இருந்தது படம் ஒன்றுதான்.

ஃபார்மிலும் ரிப்போர்ட்டிலும் படம் உட்காரும் கட்டத்துக்கு மூன்று வழி உண்டு. கிளிப் என்று போட்டால் கட்டத்துக்கு மிஞ்சியதை வெட்டிவிடும். ஜூம் என்று போட்டால் படம் தன் உருவம் கெடாமல் உள்ளே அடங்கும், மீதி இடம் வெள்ளையாகக் கிடக்கும். ஸ்ட்ரெட்ச் என்று போட்டால் கட்டம் எப்படியோ அப்படிப் படத்தை இழுத்துப் பிடித்து நிரப்பிவிடும். ஜூம்தான் சரி என்பது எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அதைத்தான் போட்டு, பத்துத் தாள் அச்சடித்துக் காட்டினேன்.

விரல் நாக்குக்குப் போய் வந்தது. "இது என்ன, ரெண்டு பக்கமும் வெள்ளையா கிடக்கு? பஞ்சத்துல அடிபட்ட மாதிரி இருக்கு. நிரப்புங்க."

"நிரப்பினா உருவம் கொஞ்சம் மாறும் சார்."

"கொஞ்சம்தானே?"

கொஞ்சம்தான். உயரம் நாலு என்றால் அகலம் ஐந்து. அடுத்த மாதம் எனக்கு செக்‌ஷன் இன்சார்ஜ் பதவி வரும் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது, அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் இவர். ஒரு தட்டுத் தட்டி ஸ்ட்ரெட்ச் ஆக்கினேன். "இப்பத்தான் களையா இருக்கு" என்றார். ஹோஸ் சுருள் கொஞ்சம் குண்டாகத் தெரிந்தது, புஷ் கொஞ்சம் குட்டையாயிற்று. அதனால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை. இருபத்தேழாம் அலமாரியை மட்டும் நான் யோசிக்கவில்லை.

அந்த அலமாரி என் அண்ணியுடையது.

அண்ணன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் ஐந்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் நானும் அண்ணியும்தான். நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள் என்று வேடிக்கை பார்க்கக் காத்திருந்தவர்கள் வாயெல்லாம் மூடிப் பல வருஷம் ஆயிற்று. நாற்பத்தாறாவது வயதில்தான் அண்ணி முதல்முறையாக ஒரு வேலைக்குப் போனார், சேர்த்துவிட்டது நான். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவர். சாமான்களின் பன்னிரண்டு எழுத்து கோட் நம்பர்களைக் கண்டால் அவருக்குத் தலை சுற்றும். ஆனால் கண் இருக்கிறதே, ஒரு நூல் பருமன் கூடக் குறைய இருந்தாலும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். ஸ்டோரில் அவருக்குக் கழுகு என்று பட்டப்பேர். "உங்க அண்ணன் இத்தனை வருஷத்துல என்னை ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. அங்க போன ரெண்டாவது வாரமே பட்டப்பேரு வெச்சுட்டாங்கடி" என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அண்ணியின் அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டன. ஒரே நாளில் அல்ல. முதலில் நேர்க்கோடு வளைந்து தெரிந்ததாம், வட்டம் கோணலாகத் தெரிந்ததாம், அப்புறம் நடுவில் ஒரு கறுப்பு. எதற்கும் அசராத அண்ணிக்கு உலகத்தில் இருந்த ஒரே பயம் அதுதான்.

இருபத்தேழில் இருப்பவை டாங்கர் மூடிக் கேஸ்கெட்டுகள். கெட்டி ரப்பர். ஒரு வகை முழு வட்டம், இன்னொரு வகை லேசான முட்டை வடிவம், மற்றபடி பருமனும் பள்ளமும் ஒன்றே. விளிம்பை ஒட்டி வெட்டிய படத்தை அகலமான கட்டத்தில் இழுத்து நிரப்பினால் என்ன ஆகும்? வட்டமும் முட்டையாகும். முட்டை முட்டையாகவே நிற்கும். இரண்டு படமும் அச்சு அசல் ஒன்று. அண்ணி சீட்டில் முட்டையைப் பார்த்தார், அலமாரியிலிருந்து முட்டையை எடுத்தார். வட்டம் கேட்ட பால்காரர்களுக்கும் முட்டைதான் போயிற்று. அழுத்தினால் அது மூடியில் உட்கார்ந்துவிடும், அரை நாளில் கசிய ஆரம்பிக்கும்.

இதெல்லாம் அந்தப் பெட்டி வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கேஸ்கெட்டை எடுத்து ஸ்க்ரீனில் இருந்த படத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. உடனே அசல் படம், ஜூம் போட்ட படம், ஸ்ட்ரெட்ச் போட்ட படம் மூன்றையும் வரிசையாக வைத்து மேனேஜருக்கு மெயில் அனுப்பினேன். தப்பு என்றால் எழுத்தில் கொடுப்பது என் வழக்கம். கூப்பிட்டு அனுப்பினார்.

"கதவைச் சாத்துங்க. இதை யார் பண்ணினது?"

"நீங்க சொல்லித்தானே சார்..."

"நான் நிரப்புங்கன்னு சொன்னேன். தப்பா நிரப்புங்கன்னு சொன்னேனா? புது சீட்டை முதலாளியம்மா பாத்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. இப்பப் போய் அது கோணல்னு சொன்னா என் மூஞ்சியும் போகும், உங்க பதவியும் போகும். ஸ்டாக் எடுப்பு முடியட்டும், சத்தமில்லாம மாத்திக்கலாம். ஏழு பீஸ் திரும்பி வந்ததுல குடியா முழுகிடப் போகுது?"

"அந்த அலமாரில நிக்கறது என் அண்ணி சார்."

"தெரியும். ஒரு வார்னிங் குடுப்போம், அதோட சரி."

விரலை நாக்கில் தொட்டு ஒரு தாளை எடுத்து என் முன்னாலேயே அந்த வார்னிங்கை எழுத ஆரம்பித்தார். தாளின் மூலையில் ஈரம் பரவுவதைப் பார்த்து எனக்குக் குமட்டியது. எனக்கு அப்போது அருவருப்பாகப் பட்டது அந்த ஈரம் மட்டும்தான் என்பதை நினைத்தால் இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது. தலையை ஆட்டிவிட்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டில் அண்ணியிடமாவது காதோடு சொல்லியிருக்கலாம். படத்தை நம்பாதீங்க அண்ணி, என்று ஐந்து வார்த்தைக்குள் முடிகிற விஷயம். அண்ணி வாயில் எதுவும் நிற்காது, மறுநாளே ஸ்டோர் முழுக்கப் பரவும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அடுத்தவர் தப்பையெல்லாம் நாலு பேர் நடுவில் இழுத்துப்போட்டு நாறடித்தவள் நான். என் தப்பை அவர்கள் அப்படி இழுத்துப்போடுவார்கள் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது. அதற்காக வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது பெட்டி வந்தது, அதே நாற்றம். மறுவாரம் மூன்றாவதும் வந்தது. அண்ணி வீட்டில் பட்டப்பேரைச் சொல்லிச் சிரிப்பதை நிறுத்திவிட்டார். ஸ்டோரில் அவருக்குப் பக்கத்தில் ஹோஸ் எடுப்பவள் ஒருத்தி, வாய் கொஞ்சம் நீளம். "என்ன கழுகு, கண்ணுல புரை விழுந்துடுச்சா?" என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறாள். அண்ணி அங்கே சிரித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்துவிட்டுக் கண்ணைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். கண்ணிரண்டும் சிவந்துபோயின.

ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தனியாகக் கண் டாக்டரிடம் போய்வந்தார்.

"டாக்டர் என்ன சொன்னாரு அண்ணி?"

"ஒண்ணுமில்லையாம். கிட்டத்துல பாக்க ஒரு கண்ணாடி போட்டா போதுமாம்."

"அப்புறம் என்ன?"

"எங்கம்மாவுக்கும் முதல்ல இதையேதான் சொன்னாங்க. மெஷினுக்குத் தெரியறதுக்கு முன்னாடி நமக்குத் தெரிஞ்சிடும்டி. சீட்டுல முட்டைன்னு பாக்கறேன், முட்டையைத்தான் எடுத்துப் போடறேன். அங்க போனா அவங்க கேட்டது வட்டமாம். அப்போ பொய் சொல்றது யாரு? என் கண்ணுதானே?" என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத. வண்டி ஓட்டறவரு, மனசு கெட்டுப்போகும்."

"சரியா தூங்கறதில்ல நீங்க, அதான்" என்றேன். சீ! அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போதுகூட வாயைக் கொப்பளிக்க வேண்டும் போலிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வெளிக்கதவு சாத்தாமல் இருந்தது. சமையலறை வாசலில் வந்து அப்படியே நின்றுவிட்டேன். அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். "அடுப்புல இருந்து குழாய்க்கு நாலு. குழாய்ல இருந்து அலமாரிக்கு மூணு" என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே, கையை முன்னால் நீட்டித் தடவித் தடவி. உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் தூக்கிக் கனம் பார்த்தார். எதிர்ப்பக்கம் வைத்தார், மறுபடி தேடி எடுத்தார். அடுப்பில் இருந்த பாத்திரத்தின் விளிம்பில் விரல் பட்டு "ஸ்" என்று கையை உதறினாரே தவிர, கண்ணைத் திறக்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து, வாசலுக்குப் போய், செருப்பைத் தொப்பென்று போட்டு, அப்போதுதான் வருபவள் போல "அண்ணி!" என்று கூப்பிட்டுக்கொண்டு உள்ளே வந்தேன். "எண்ணெய் தெறிச்சுடுச்சு" என்று அண்ணி விரலைக் காட்டினார். "பாத்துச் செய்யக் கூடாதா?" என்று நானே மருந்து எடுத்துத் தடவிவிட்டேன். கொப்புளத்தைத் தொட்ட என் விரலைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. எச்சில்விரல் என்று பேர் வைத்தேனே, அந்த ஆள் எவ்வளவோ தேவலாம் என்று தோன்றியது.

நாலு நாள் கழித்து, வியாழக்கிழமை காலையில் முதலாளியம்மா எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். பால் கம்பெனியிலிருந்து நேரடியாக அவருக்கே கடிதம் வந்துவிட்டது, இனிமேல் உங்கள் சாமானே வேண்டாம் என்று. படி ஏறும்போது மேனேஜர் என் பக்கமாகக் குனிந்து, "நீங்க ரெக்கார்ட் மட்டும் குடுங்க, பேச வேண்டாம். அவங்களை வேற அலமாரிக்கு மாத்திடலாம்னு நானே சொல்லிடறேன்" என்றார். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அறையில் மேசை மேல் செய்தித்தாளை விரித்து, திரும்பி வந்த பத்தொன்பது கேஸ்கெட்டுகளையும் அடுக்கியிருந்தார்கள். முதலாளியம்மா ஜன்னலைத் திறந்துவிட்டு, மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணியை உட்காரச் சொன்னார். அண்ணி உட்காரவில்லை.

மேனேஜர் ஆரம்பித்தார். "பத்தொம்பதும் ஒரே அலமாரி மேடம், ஒரே கை. பார்வை சரியில்லாதவங்களை அங்க நிறுத்தினது நம்ம தப்பு. இவங்களை அனுப்பிடறதுதான் எல்லாருக்கும் நல்லது."

முதலாளியம்மா அண்ணியைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

"அவர் சொல்றது சரிதாம்மா" என்றார் அண்ணி. குரல் நடுங்கவேயில்லை, முன்கூட்டியே சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. "எனக்குப் பார்வை போயிட்டு இருக்கு. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. நானே நின்னுக்கறேன். ஒண்ணே ஒண்ணு, என்னை இங்க சேத்துவிட்டது இவ. என்னால இவளுக்குக் கெட்ட பேரு வந்துடக் கூடாது."

என்னைக் காட்டிக் கை நீட்டினார். விரலில் அந்தக் கொப்புளம் காய்ந்து தோல் உரிந்திருந்தது.

"இல்ல" என்றேன். கத்தியிருக்கிறேன் போல, மேனேஜர் திடுக்கிட்டார். "அவங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல மேடம். படம்தான் பொய்."

முதலாளியம்மாவின் கம்ப்யூட்டரிலேயே ஃபார்மைத் திறந்தேன். வட்டக் கேஸ்கெட்டின் பக்கத்தைக் காட்டினேன். அதில் முட்டை நின்றது. முட்டைக் கேஸ்கெட்டின் பக்கத்தைக் காட்டினேன். அதே முட்டை. "இப்பப் பாருங்க" என்று ஸ்ட்ரெட்சை ஜூம் ஆக்கினேன். இரண்டு பக்கமும் வெள்ளை விழுந்தது, நடுவில் வட்டம் வட்டமாக நின்றது. இரண்டையும் அச்சடித்து மேசையில் வைத்து, கீழேயிருந்து ஒரு வட்டக் கேஸ்கெட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்தேன். அதைப் புரிந்துகொள்ள யாருக்கும் ஸ்கேல் தேவைப்படவில்லை.

"அட கண்றாவியே" என்றார் முதலாளியம்மா. "இந்தச் சீட்டைப் பாத்து யாரு எடுத்தாலும் தப்பாத்தானே எடுப்பாங்க? இந்த வேலையைப் பண்ணினது யாரு?"

"நான்தான் மேடம். மேனேஜர் சார் நிரப்பச் சொன்னாரு, நிரப்பினது நான்."

அண்ணி ஒரு தாளை எடுத்தார், இன்னொரு தாளை எடுத்தார், மாற்றி மாற்றிப் பார்த்தார். "அப்போ... என் கண்ணு?"

"நல்லா இருக்கு அண்ணி. உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு."

அண்ணி அழுதார், அழுகைக்கு நடுவிலேயே சிரித்தார், அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "என் ராசாத்தி! என் உசுரையே திருப்பிக் குடுத்துட்டடி!" என்றார். முதலாளியம்மா கைக்குட்டையை எடுத்துவிட்டு, "நாத்தனார்னா இப்படி இருக்கணும்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு, போகிற போக்கில் கேட்டார். "இது உனக்கு எப்போ தெரிஞ்சது?"

அண்ணியின் கை இன்னும் என் தோளில்தான் இருந்தது.

"நேத்துதான் மேடம்" என்றேன்.

"நேத்தா?" என்றார் மேனேஜர். இனித் தனக்கு இழக்க ஒன்றுமில்லை என்று அந்த ஆளுக்குத் தெரிந்துவிட்டது. விரலை நாக்கில் தொட்டார், பழக்கதோஷம், ஃபோனையும் அப்படியே தேய்த்தார். "மேடம், நான் மட்டும் மாட்டிக்க முடியாது. இந்த மெயிலைப் பாருங்க. மூணு படமும் போட்டு இவங்களே எனக்கு அனுப்பினது. தேதியைப் பாருங்க."

முதலாளியம்மா பார்த்தார். பிறகு ஃபோனை அண்ணியின் பக்கம் திருப்பினார். அண்ணிக்குச் சாமானின் கோட் படிக்கத்தான் வராது, தேதி படிக்க நன்றாகவே வரும். கண்ணைச் சுருக்காமல், கண்ணாடியைத் தேடாமல், ஒரே பார்வையில் படித்தார். என் தோளில் இருந்த கை தானாக விலகியது.

"இருபத்தி மூணு நாளு" என்றார். என்னிடம் அல்ல, யாரிடமும் அல்ல.

"அண்ணி, நான் சொல்லணும்னுதான்..."

"நான் போய் வேலையைப் பாக்கட்டுமாம்மா?" என்று முதலாளியம்மாவிடம் கேட்டார். அவர் தலையசைத்ததும் இறங்கிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் முதலாளியம்மா என்னையும் மேனேஜரையும் நிற்கவைத்துப் பேசிய பேச்சைத் திருப்பிச் சொல்ல மாட்டேன். ஒரு வார்த்தைகூட அநியாயமில்லை. பதவி போயிற்று, அது எனக்கு உறைக்கக்கூட இல்லை. மேசைக்கு வந்து முதல் வேலையாக நாலாயிரம் சாமானுக்கும் ஜூம் போட்டேன், அளவைத் திரும்பச் சேர்த்தேன், பால் கம்பெனிக்குப் போக வேண்டிய வட்டக் கேஸ்கெட்டுக்குப் புதுச் சீட்டு அச்சடித்தேன். வழக்கமாகச் சீட்டைக் கீழே எடுத்துப்போக ஆள் வரும். அன்றைக்கு நானே எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அண்ணி இருபத்தேழாம் அலமாரியின் முன்னால் நின்றிருந்தார். நீட்டினேன், வாங்கிக்கொண்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. படம் அத்தனை தெளிவாக இருந்தது, குழந்தைகூடச் சொல்லிவிடும். அலமாரிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். சரியானதுதான். சீட்டின் மேல் வைத்துப் பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் கிட்டே கொண்டுவந்தார். பெட்டியில் போடவில்லை.

"வட்டம்தான் அண்ணி" என்றேன். "சரியாத்தான் எடுத்திருக்கீங்க. போடுங்க."

அண்ணி ஹோஸ் பக்கம் திரும்பினார். "ஏய், கொஞ்சம் இங்க வாயேன்" என்று கூப்பிட்டார். அந்த நீள வாய்க்காரி கையில் இருந்த தூசியைத் தட்டிக்கொண்டே வந்தாள். "இதைப் பாத்துச் சொல்லு. வட்டமா, முட்டையா?"

அவள் கேஸ்கெட்டைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இவங்கதான் பக்கத்துலயே நின்னு சொல்றாங்களே?"

"நீ சொல்லு" என்றார் அண்ணி.